வீட்டை அடுக்க அடுக்கக் குலையுது அக்கா

வணக்கம் அக்கா,

உங்கட பகுதியை விடாமல் வாசிக்கிறனான், நானே எழுதுவன் எண்டு நினைக்கேல்ல. இதையெல்லாம் ஒரு பிரச்சினையோ எண்டு ஆக்கள் சிரிப்பினம், வீடு துப்பரவா வச்சிருக்கிற விசயம்தான், ஆனா எனக்கு அதால நித்திரையே இல்ல.

நாங்கள் பரந்தனுக்குக் கிட்ட இருக்கிறம். நான் சங்கக்கடையில கணக்கு எழுதுறன், இவருக்கு வயல். மகன் ஓ.எல் எடுக்கப்போறான், சின்னவள் மூண்டாம் வகுப்பு, மாமியும் எங்களோடதான். வீடு இந்தியன் வீட்டுத்திட்டத்தில 2013இல கிடைச்சது, ஐஞ்சரை லட்சம் தந்தவை, அதுக்குள்ள எங்க முடியிறது, மிச்சத்துக்கு இவற்ற தங்கச்சி, கனடாவில இருக்கிற என்ர மச்சாள் காசு அனுப்பித்தான் விறாந்தை எடுத்து மாபிளும் போட்டது. அதை நான் இல்லை எண்டு சொல்லேல்ல, எப்பவும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்.

போன வருசம் மச்சாள் வந்து நிண்டவா. குசினி வாசலில நிண்டு பாத்திட்டு, "என்ன மச்சாள், இன்னும் முகாமிலயோ இருக்கிறியள்" எண்டு சொல்லிச் சிரிச்சா. பகிடிக்குத்தான். எல்லாரும் சிரிச்சவை, இவரும் சிரிச்சவர். அக்கா, செட்டிகுளம் முகாமில ஒரு தறப்பாளுக்க ரெண்டு குடும்பம் இருந்த நேரத்திலயே நான் என்ர பக்கத்தைக் கூட்டி, பாயைச் சுருட்டி, உடுப்பு மடிச்சு வச்சிருந்தனான், பக்கத்துச் சனம் வந்து பாக்கும். எனக்குப் போய் அப்பிடிச் சொன்னா.

அதுக்குப் பிறகுதான் யூடியூப் பாத்துச் சின்னச் சின்னப் பழக்கமாத் தொடங்கினன். ஒரேயடியா எல்லாம் செய்யக்கூடாது, ஒவ்வொண்டாப் பிடி எண்டு அதில சொல்லுவினம். முதல், இரவு படுக்க முதல் சட்டி பானை கோப்பை எல்லாம் கழுவிக் கவிழ்க்கிறது. அது வடிவா வந்திட்டுது. பிறகு எழும்பினவுடன படுக்கை மடிக்கிறது. பிறகு விறாந்தை மேசையில ஒண்டும் இருக்கக்கூடாது. பிறகு செருப்பு வரிசையில. பிறகு, கையில எடுத்த சாமான் அதின்ர இடத்திலதான் போய் இருக்கோணும், சும்மா ஒரு இடத்தில வச்சிட்டுப் போற கதையே இல்ல. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிடும் எண்டவை. எனக்கு ஆகிட்டுது, வீட்டில மற்ற ஒருத்தருக்கும் ஆகேல்ல.

இவர் வயலால வந்தால் சேத்துக் காலோட நேர மாபிளில ஏறுவார், சொன்னால் "களைச்சு வாறன், காலைப் பாக்கிறதோ" எண்டுவார். மகன் புத்தகப் பாக்கை வாசலோட எறிவான், சேர்ட் கதிரையில, சொக்ஸ் ஒண்டு இஞ்ச ஒண்டு அங்க, கத்தினால் காதில ஹெட்செட். மாமி கட்டிலுக்குக் கீழ உரப்பை உரப்பையாச் சேர்த்து வச்சிருக்கிறா, சொப்பிங் பாக், அங்கர் பெட்டி, யோகட் கப், மூடியில்லாத போத்தல், எல்லாம் தேவைப்படுமாம், நான் ஒண்டை எறிஞ்சால் அவ குப்பைக் கிடங்கில போய் எடுத்துக்கொண்டு வந்திடுவா. மச்சாள் அதைப் பாத்துத்தான் சொன்னவா, ஆனா கெட்ட பேர் எனக்கு, தாயைச் சொன்னவாவோ? சின்னவள்தான் பரவாயில்ல, ஒரு சொல்லுக் கேப்பாள், கதிரையில இருக்க முதலே "அம்மா இதில இருக்கட்டோ" எண்டு கேட்டிட்டுத்தான் இருப்பாள், விளையாட்டுச் சாமான் பெட்டியால வெளிய எடுக்கிறதே இல்ல, போன கிழமை அவளின்ர டீச்சர் கூப்பிட்டு, பிள்ளை வகுப்பில தண்ணிப் போத்தல் தட்டி ஊத்துப்பட்டவுடன அழுதழுது தன்ர யூனிபோமாலயே நிலத்தைத் துடைச்சவள், வீட்டில ஏதும் பிரச்சினையோ எண்டு கேட்டவா, நான் ஒண்டும் இல்ல டீச்சர் எண்டிட்டு வந்திட்டன், அது வேற விசயம். மகனைத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல.

இப்ப மச்சாள் திரும்ப வாறாவாம், வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு. அதுக்கிடையில இந்த வீட்டை ஒரு நிலைக்குக் கொண்டு வரோணும். முகாம் எண்டு இன்னொருக்கா ஒருத்தரும் சொல்லக்கூடாது. இவரையும் மகனையும் எப்பிடிப் பழக்கிறது, மாமியின்ர உரப்பையளைச் சண்டை இல்லாமல் எப்பிடி வெளிய எடுக்கிறது, சொல்லுங்கோ அக்கா. பேர் போடவேண்டாம்.

கிளிநொச்சி மாவட்ட வாசகி


அன்புத் தங்கச்சி,

உங்கட கடிதத்தில மச்சாள் எத்தினை இடத்தில வாறா எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. சின்னவளின்ர கதை வாறது ஒரே ஒரு நீட்டு வசனத்தில, அதுவும் மாமியின்ர யோகட் கப்புக்கும் மகனைப் பற்றின கவலைக்கும் நடுவில. அந்த வசனத்தை "அது வேற விசயம்" எண்டு மூடிப்போட்டியள். எனக்கு எழுதவேண்டி வந்ததே அந்த விசயத்தாலதான் எண்டு நினைக்கிறன். டீச்சர் கூப்பிட்டது போன கிழமை, கடிதம் வந்தது இந்தக் கிழமை. மச்சாள் பகிடி விட்டு ஒரு வருசமாச்சு.

அதால மகன்ர பாக், இவற்ற கால், உரப்பை எல்லாத்தையும் கொஞ்சம் பின்னுக்கு வைக்கிறன், கோவிக்காதேங்கோ.

எட்டு வயசுப் பிள்ளை தன்ர வீட்டுக் கதிரையில இருக்க அனுமதி கேக்குது. நீங்கள் அதைப் பழக்கம் வந்ததுக்கு அத்தாட்சியாச் சொல்லுறியள். வகுப்பில ஒரு போத்தல் தண்ணி ஊத்துப்பட்டதுக்கு, ஏசுறதுக்கு அம்மா பக்கத்தில இல்லாத இடத்திலயும், போட்டிருந்த சட்டையால துடைக்குது. அதைப் பயம் எண்டுதான் நான் சொல்லுவன். நீங்கள் அடிச்சிருப்பியள் எண்டு சொல்லேல்ல, அப்பிடி ஆள் நீங்கள் இல்லை எண்டு கடிதத்தில தெரியுது. ஆனா பிள்ளையைப் பயப்பிடுத்த அடிதான் வேணும் எண்டில்ல, ஒரு சாமான் இடம் மாறினவுடன அம்மாவின்ர முகம் மாறுறதை நாள் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தாலே காணும்.

இன்னொண்டையும் பாருங்கோ. இவரிட்டச் சொன்னியள், களைப்பு எண்டார். மகனிட்டச் சொன்னியள், காதில ஹெட்செட். மாமியிட்டச் சொன்னியள், அவ கிடங்கில போய்த் திருப்பி எடுத்தா. மூண்டு பேரும் தப்பிட்டினம். தண்ணி பள்ளத்துக்கு ஓடுற மாதிரி, உங்கட அவ்வளவு சட்டமும் கடைசியில கேக்கிற பிள்ளையிட்டப் போய்த் தேங்கிட்டுது. அஞ்சு பேரின்ர வீட்டு ஒழுங்கை, இருக்கிற ஆக்களுக்குள்ள சின்ன ஆள் சுமக்குது. இதுக்கு இவரும் பொறுப்பு, ஒரு செம்புத் தண்ணி காலில ஊத்தாமல் வீட்டுக்குள்ள ஏறுற மனுசனை நான் நியாயப்படுத்தமாட்டன். ஆனா எனக்கு எழுதினது நீங்கள், அதால உங்களோடதான் கதைக்கலாம்.

21 நாள் கதை எங்க இருந்து வந்தது தெரியுமோ? மக்ஸ்வெல் மோல்ட்ஸ் எண்டு ஒரு பிளாஸ்டிக் சேர்ஜன், முகத்தில ஒப்பரேசன் செய்த ஆக்களுக்குத் தங்கட புது முகம் பழக ஆகக்குறைஞ்சது 21 நாள் எடுக்குது எண்டு 1960இல எழுதினவர். அந்த "ஆகக்குறைஞ்சது" நாளடைவில காணாமல் போட்டுது. உண்மையிலயே பழக்கத்தை அளந்து பாத்தது லண்டனில பிலிப்பா லாலி எண்டவாவும் அவவோட வேலை செய்தவையும், 96 பேரை வச்சு, 2010இல அச்சில வந்தது. 66 நாள் எண்டது அதில நடுக்கணக்கு, ஆனா ஆளுக்கு ஆள், செய்யிற வேலைக்கு ஏத்த மாதிரி, 18 நாளில இருந்து 254 நாள் வரைக்கும் போகுது. ஒருநாள் தவறினதால பழக்கம் குலையவும் இல்லையாம். உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த நம்பர் இல்ல. அந்த 96 பேரும் பழக்கத்தைத் தாங்களே தெரிஞ்செடுத்தவை, மத்தியானச் சாப்பாட்டோட ஒரு பழம் சாப்பிடுறது மாதிரி. பக்கத்து வீட்டு ஆளுக்கும் சேத்து ஒருத்தரும் தெரிஞ்செடுக்கேல்ல. உங்கட இரவுக் கோப்பை கழுவுற பழக்கம் நிண்டு பிடிச்சது அது உங்கட எண்டதாலதான். செருப்பு வரிசை ஒருத்தற்ற பழக்கமும் இல்ல, அது நீங்கள் போட்ட சட்டம்.

வீடு குழம்பிக் கிடந்தால் உங்களுக்கு நித்திரை வராது எண்டதை நான் பகிடியா எடுக்கேல்ல. லொஸ் ஏஞ்சல்ஸில வேலைக்குப் போற கணவன் மனைவியளை வச்சு, 2010இல வந்த ஆராய்ச்சி ஒண்டில, தங்கட வீட்டைக் குழப்பம், முடியாத வேலை எண்டு விவரிச்ச பெண்களுக்கு, உடம்பில கோர்ட்டிசோல் எண்ட அழுத்தச் சுரப்பு பொழுது படப்பட இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கேல்ல. ஆம்பிளையளில அது அப்பிடித் தெரியேல்ல. இவர் சேத்துக் காலோட நிம்மதியா இருக்கிறதும் நீங்கள் முழிச்சிருக்கிறதும் ஏன் எண்டு விளங்குதுதானே.

முகாமில நீங்கள் பாயைச் சுருட்டி வச்சிருந்ததை வாசிக்க எனக்குப் பெருமையா இருந்தது. அந்த நேரம் உங்கட கையில இருந்தது அந்தப் பாய் ஒண்டுதான். எப்ப வெளிய விடுவினம், ஆரை எங்க தேடுறது, அடுத்த சாப்பாடு என்ன, ஒண்டும் உங்கட கையில இல்ல, இந்த நாலடி நிலம் மட்டும் என்ர எண்டு வச்சிருந்தியள். அப்பிடி இருந்த ஆளைப் பாத்து முகாம் எண்டு சொன்னது மச்சாளின்ர பிழை. காசு அனுப்பினதால அவ சொன்னதெல்லாம் சரியாகாது. அந்த நேரம் இவர் சேர்ந்து சிரிச்சதுதான் உங்களுக்குக் கூட நொந்திருக்கு எண்டு நினைக்கிறன், அதை இவரிட்ட இன்னும் சொல்லியிருக்கமாட்டியள். சொல்லுங்கோ. சேத்துக் காலுக்கு ஏசுற ஏச்சில பாதி அதுக்குரிய ஏச்சு.

ஆனா தங்கச்சி, முகாமில எப்பிடி இருந்தது எண்டு ஞாபகம் இருக்கும். எங்க இருக்கிறது, எப்ப எழும்புறது எல்லாத்துக்கும் ஆரிட்டயாவது கேக்கோணும். இப்ப உங்கட வீட்டில "இருக்கட்டோ" எண்டு கேக்கிற ஆள் ஒண்டு இருக்கு. மச்சாள் பாத்துச் சொன்ன சாமான் குவியலை விட எனக்கு இதுதான் கவலை.

இனி என்ன செய்யிறது? சின்னவளுக்குப் புதுசா ஒண்டும் பழக்காதேங்கோ, பழக்கினதில கொஞ்சத்தைக் கழட்டவேணும். விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து விறாந்தையில நீங்களே கொட்டுங்கோ, கொட்டிப்போட்டு அவளோட இருங்கோ, இரவு அப்பிடியே கிடக்கட்டும். முதல் நாள் அவளே நம்பமாட்டாள், உங்கட முகத்தைப் பாத்துப் பாத்து அடுக்க வெளிக்கிடுவாள், "நாளைக்கும் விளையாடலாம், விடு" எண்டு சொல்லுங்கோ. வீட்டில ஆரும் தண்ணி ஊத்துப்பட்டால், எப்பிடியும் ஊத்துப்படும், நீங்கள் ஒரு சீலைத் துண்டை எடுத்துச் சும்மா கதைச்சுக்கொண்டு துடையுங்கோ. இருக்கட்டோ எண்டு கேட்டால் "கேக்காத" எண்டு அதட்டக்கூடாது, அதுவும் ஒரு சட்டமாப் போயிடும், கையைப் பிடிச்சு இருத்திவிடுங்கோ.

மகன் பாக்கை எறியிற அதே இடத்தில ரெண்டு ஆணி அடியுங்கோ. இப்ப அவன் எறியிறது வாசலில எண்டால் பாக்கின்ர இடம் வாசல்தான், அலுமாரி இல்ல. இவருக்குப் பின்வாசல் படியில ஒரு வாளி தண்ணியும் செம்பும், நிரப்புற வேலை அவற்ற. இதுக்கு மேல இந்த ரெண்டு பேரையும் பற்றி எழுத ஒண்டுமில்ல, உங்களைப் போல அவையும் ஒவ்வொண்டாத்தான் பழகுவினம், சில நேரம் பழகவேமாட்டினம்.

மாமியின்ர விசயத்தில நான் அவவின்ர பக்கம். 2009இல சண்டை முடியேக்க வட்டுவாகல் பாலம் தாண்டி வந்த சனத்திட்ட என்ன மிஞ்சினது எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மூடியில்லாத போத்தலை அவ எறியமாட்டா. கட்டிலுக்குக் கீழ இருக்கட்டும், உரப்பையின்ர வாயைக் கட்டி வைக்கச் சொல்லுங்கோ, பூச்சி பாம்பு அடையாமல் இருக்கும். ஒண்டில மட்டும் விட்டுக்குடுக்கவேண்டாம்: முத்தத்தில, வேலியோரத்தில மழைத்தண்ணி நிக்கிற கப், சிரட்டை, டயர் ஒண்டும் கிடக்கக்கூடாது, மாரி தொடங்கினால் டெங்கு. அதை மாமிக்கும் அப்பிடியே சொல்லலாம், பேரப்பிள்ளையளுக்காண்டி எண்டால் அவவே பொறுக்கி வைப்பா.

மச்சாள் வைகாசியில வரட்டும். வரேக்க வீடு எப்பிடி இருக்கோ அப்பிடிப் பாக்கட்டும். திரும்ப ஏதும் சொன்னால், "ஓம் மச்சாள், அஞ்சு பேர் இருக்கிற வீடு" எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியைக் குடுங்கோ.

அதுக்கு முதல், இந்தக் கிழமையே டீச்சரிட்டப் போங்கோ. இவரையும் கூட்டிக்கொண்டு. ஒண்டும் இல்ல டீச்சர் எண்டதை மாத்தி, வீட்டில துப்பரவு விசயத்தில கொஞ்சம் கூடப் பிடிச்சிட்டம், பிள்ளை பயந்திருக்கிறாள், வகுப்பில எப்பிடி இருக்கிறாள் எண்டு பாத்துச் சொல்லுங்கோ எண்டு கேளுங்கோ. ரெண்டு மூண்டு மாசத்தில அந்தப் பயம் குறையேல்ல எண்டால், அல்லது உங்களுக்கே இரவில எழும்பித் துடைக்காமல் இருக்கேலாது எண்டு வந்தால், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போறதில வெக்கப்பட ஒண்டுமில்ல, 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். நித்திரை இல்லை எண்டு முதல் பந்தியிலயே எழுதியிருக்கிறியள், எவ்வளவு காலமா எண்டு எழுதேல்ல. அடுத்த கடிதத்தில அதை எழுதுங்கோ.

அன்புடன் அக்கா