கடல் இல்லாத ஊரில் கடல் படிப்பு

சார், போன சனிக்கிழமை அல்சூரிலிருந்து மகளோடு வந்தீர்கள். செகண்ட் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், சிஇடி நுழைவுத் தேர்வு எழுதினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைக்கும் அளவுக்கு மார்க் எடுக்கிறாள். அப்படிப்பட்ட பெண் கடலையும் மழையையும் ஆராயப் போகிறேன் என்கிறாள். “பெங்களூரில் கடலே இல்லையே சார்” என்றீர்கள். அன்று அவசரமாகப் பேசி அனுப்பிவிட்டேன், மனசு கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடல் இல்லைதான். ஆனால் டாடா இன்ஸ்டிட்யூட் என்று நம்மவர்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் 1982-இல் வளிமண்டல அறிவியலுக்கு ஒரு மையம் தொடங்கினார்கள். பிறகு கடலும் அதில் சேர்ந்தது. பருவமழை ஆராய்ச்சியில் பெரிய பெயரான சுலோசனா காட்கில் பணியாற்றியது அங்கேதான். அவர் அடிப்படையில் கணிதம் படித்தவர். கடல் மேற்பரப்பு சுமார் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் பெரிய மழைமேகக் கூட்டங்கள் தாராளமாக எழும் என்று அவரும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் எழுதினார்கள்.

வங்காள விரிகுடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரோடு மழைநீரும் சேர்ந்து, உப்புநீர் மேல் மூடி போட்டதுபோல நிற்கிறது. நன்னீர் லேசு, அதனால் அடியில் இருக்கும் குளிர்ந்த நீரோடு எளிதில் கலப்பதில்லை. மேல்தண்ணீர் சூடாகவே இருக்கிறது, புயலுக்கு அதுதான் தீனி. இந்த மூடியின் தடிமன் எவ்வளவு, காற்று அதை எப்போது கிழிக்கும் என்று கணக்குப் போடுவதுதான் உங்கள் மகள் கேட்கும் வேலை. 2017-இல் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் எத்தனை பேரை இழந்தோம்! அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“கப்பலிலேயே கிடப்பாளா?” என்று அவள் அம்மா கேட்டார்கள். சில வாரம் போக வேண்டி வரலாம், எல்லோரும் போவதில்லை. ஆர்கோ என்ற மிதவைகள் உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதக்கின்றன. ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிடும். அந்த எண்களை வைத்துக் கம்ப்யூட்டரில் கடலுக்கான கணித மாடல் ஓட்டுவதில்தான் பாதி வாழ்க்கை போகும்.

அதனால் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டத்தின் பெயரில் ‘கடல்’, ‘காலநிலை’ இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்காதீர்கள். அப்படி ஒரு பையன் பெயரைப் பார்த்து மயங்கி ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். மூன்று வருடத்தில் கணக்குப் பாடம் பேருக்குத்தான் இருந்தது. எம்எஸ்சி நுழைவுத் தேர்வில் திணறிவிட்டான். பிஎஸ்சி இயற்பியல் அல்லது கணிதம், இல்லையென்றால் நல்ல பொறியியல் படிப்பு, இதுவே அஸ்திவாரம். கூடவே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி. அப்புறம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்எஸ்சிக்கோ, கேட் என்ற தேர்வு எழுதி எம்டெக்குக்கோ போகலாம். கேட் தேர்வில் வளிமண்டல, கடல் அறிவியலுக்குத் தனிப் பகுதியே உண்டு. அதாவது, அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் இந்தக் கதவு மூடிவிடாது.

சம்பள விஷயத்தை மறைக்க மாட்டேன். பிஎச்டியில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஐடியில் இருக்கும் தோழிகள் அதற்குள் பைக், கார் என்று வாங்கிவிடுவார்கள். ஹைதராபாத் இன்காய்ஸ் (கடல் தகவல் மையம்), சென்னை பள்ளிக்கரணையில் உள்ள என்ஐஓடி (கடல் தொழில்நுட்பம்), புனே ஐஐடிஎம் (வெப்பமண்டல வானிலை), கோவா என்ஐஓ (கடலியல்) என்று நிறுவனங்கள் இருக்கின்றன, ஆனால் இடங்கள் குறைவு. காற்றாலை, சூரிய மின்சாரம், காப்பீடு பக்கமும் வானிலைக் கணிப்பு தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். முப்பது வயது வரை பொறுக்க உங்கள் வீட்டுக்கு முடியுமா என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும், அவளையும் வைத்துக்கொண்டு.

டாடா இன்ஸ்டிட்யூட்டில் வருடத்துக்கு ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறார்கள். அன்று அவளைக் கூட்டிப் போங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். சிஇடி ரிசல்ட் வந்ததும் இரண்டு பேரும் வாருங்கள், கல்லூரிகளை ஒன்றொன்றாகப் பார்ப்போம்.