கால்நடை கேள்வி-பதில்: செத்த ஆட்டை உறைய வைக்காதீர்கள்

கேள்வி: கம்பத்து நாட்டுக் கோழிகள் கழுத்து முறுகிச் சாகின்றன. தீவனத்தில் கலக்கும் தடுப்பு மருந்து உண்டாமே? (சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: எத்தனை கோழி, என்ன வயது, எத்தனை செத்தன? ஒன்றும் எழுதவில்லை. நியூகாசில் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். செர்டாங்கில், அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான வி4-யுபிஎம் தடுப்பு மருந்து வெப்பம் தாங்கும், தீவனத்தோடு கொடுக்கலாம். ஆனால் அது நலமான கோழிக்குத்தான். நோய் கண்டதைக் குணப்படுத்தாது. செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள்.

கேள்வி: பூனைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் கால் மாத்திரை போதுமா?

பதில்: கூடவே கூடாது, செத்துப்போகும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இப்போதே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: மூன்று ஆடுகள் திடீரென்று செத்தன. ஒன்றை ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்திருந்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். காரணம் தெரியவில்லை என்கிறார்கள். பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சியெல்லாம்?

பதில்: நான்கு நாள் உறைய வைத்தது நீங்கள், குறை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கா? உறையும்போது பனிப்படிகங்கள் திசுவைக் கிழித்துவிடுகின்றன. நோய் செய்த சேதம் எது, பனி செய்தது எது என்று மைக்ரோஸ்கோப்பில் பிரிப்பது பெரும்பாடு. நம் ஊர் வெக்கையில் செத்த ஆட்டின் குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். ஆகவே, சுற்றிலும் ஐஸ் கட்டி வைத்து அன்றே கொண்டுவாருங்கள். செத்த நேரம், தின்ற தீவனம், போட்ட ஊசி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ஆன்டிபயாட்டிக் போட்டதை மறைத்தால், கிருமி ஏன் வளரவில்லை என்று நாங்கள் வீணாகத் தேடுவோம். மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் வழிந்திருந்தால் உடலை அறுக்கவே வேண்டாம், மனிதருக்கும் தொற்றும் ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

1998இல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் காய்ச்சல் பரவியபோது, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பிக் கொசு மருந்து அடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நோயாளியின் மாதிரியிலிருந்து பன்றியிலிருந்து மனிதருக்குத் தொற்றிய நிப்பா என்ற புதிய வைரஸைப் பிரித்த பிறகே உண்மை தெரிந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏறத்தாழ 10 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்த மாதிரி கெட்டுப்போயிருந்தால்? எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: மகள் கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். பரிசோதனை என்று விலங்குகளை வதைப்பார்களாமே?

பதில்: விலங்கைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மாற்று வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த வலி என்ற மூன்று விதிகள் 1959 முதல் இருக்கின்றன. தாராளமாக அனுப்புங்கள்.

கேள்வி: நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் எங்களுக்கு இனிப் பயமில்லையே?

பதில்: ஊசி போட்டது நாய்க்கு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் உங்கள் கால் கீறல் வழியாக இறங்கினால் யார் காப்பது? பூட்ஸ் அணியுங்கள், எலியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், தோட்டத்தில் வேலை செய்கிறோம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.