காட்டேரிக்குப் பூண்டுக் குழம்பு ஆகாது: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில், "ரத்தக்காட்டேரி நாவல்களைக் காரைக்குடிக்காரர்கள்தான் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். கடிதம் கடிதமாக வந்துவிட்டது. அதனால் இந்த மாதம் சமையல் கேள்வி, சொத்துக் கேள்வி எல்லாம் ஓரமாக இருக்கட்டும்.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ராத்திரி இரண்டு மணிவரை போனில் ரத்தக்காட்டேரியைக் காதலிக்கிற இங்கிலீஷ் கதைகளாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். "விளக்கு வைக்கிற வீட்டில் பேய்ப் புஸ்தகமா" என்று என் மாமியார் சத்தம் போடுகிறார். நிறுத்தச் சொல்லட்டுமா?
*வாசகி, தேவகோட்டை*

இரண்டு மணியை மட்டும் நிறுத்துங்கள். பத்தரைக்கு மேல் போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். கதை பாட்டுக்குக் கதை இருக்கட்டும்.

உங்கள் மாமியாரிடம் ஒரு நாள் சாவகாசமாகப் பழையனூர் நீலி கதை தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். வழியில் போன ஒரு வணிகனைப் பிடிக்கிறது பேய். அவன் கையில் மந்திரவாள் இருப்பதால் கிட்டே போக முடியவில்லை. அதனால் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் முன்னால் "இவர் என் வீட்டுக்காரர், என்னை விட்டுட்டுப் போறார்" என்று அழுகிறது. ஊர்ப் பெரியவர்களான எழுபது வேளாளர்களும் அந்த அழுகையை நம்பி, அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று உத்தரவாதம் கொடுத்து, வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரே வீட்டுக்குள் அனுப்பிவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் கிழிந்து கிடக்கிறான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்று முடியும். நீலிக் கண்ணீர் என்று நாம் சொல்வது அங்கேயிருந்து வந்ததுதான். விளக்கு வைத்த வீட்டில் நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லிவந்த கதை இது, உங்கள் மகள் படிப்பதைவிட இதில் ரத்தம் அதிகம்.

நான் கவலைப்படுவதென்றால் வேறு ஒன்றுக்குத்தான் கவலைப்படுவேன். 2005இல் வந்து உலகம் முழுக்க ஓடிய "ட்வைலைட்" நாவலில், அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் ராத்திரி அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் அந்தக் காட்டேரிப் பையன். கதையில் அது காதல். நம்ம தெருவில் எவனாவது அப்படி ஜன்னல் ஏறினால் என்ன செய்வோம்? இதை மகளிடமே கேளுங்கள், அதட்டாமல். அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பாள், பதில் சுவாரசியமாக இருக்கும்.

இதுவரை ஒன்றுகூடப் படித்ததில்லை. எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்?
*வாசகர், புதுவயல்*

1872இல் புத்தகமாக வந்த "கார்மில்லா"விலிருந்து. சின்னக் கதை, இரண்டு ராத்திரியில் முடிந்துவிடும். எழுதியவர் ஷெரிடன் லெ ஃபனு என்ற அயர்லாந்துக்காரர். ஒரு வண்டி கவிழ்கிறது, அதில் வந்த பெண்ணை இரக்கப்பட்டு வீட்டில் தங்க வைக்கிறார்கள், அவ்வளவுதான், மிச்சம் எல்லாம் அதற்கப்புறம். பிராம் ஸ்டோக்கரின் "டிராகுலா" அதற்கு இருபத்தைந்து வருஷம் கழித்து, 1897இல் வந்தது. அவரும் அயர்லாந்துக்காரர்தான். டிரான்சில்வேனியாவில் அவர் கால் வைத்ததே இல்லை, எல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து சேர்த்த சரக்கு.

அதற்கப்புறம் நேராக 1976க்கு வாருங்கள். அந்த வருஷம் வந்த ஆன் ரைஸ் நாவலில் காட்டேரி ஒரு டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து தன் கதையைத் தானே சொல்கிறது. அதுவரைக்கும் பெரும்பாலும் அதைத் துரத்துகிறவர்களோ அதனிடம் மாட்டியவர்களோதான் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது "நான்" என்று பேச ஆரம்பித்ததும் எல்லாம் மாறிவிட்டது. இன்றைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற அத்தனையும் அந்த "நான்" போட்ட குட்டிதான்.

ஒரு எச்சரிக்கை. வெயில் பட்டால் காட்டேரி எரிந்து போகும் என்ற நினைப்போடு "டிராகுலா"வைத் திறக்காதீர்கள். அந்த நாவலில் அவன் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான், பலம்தான் கொஞ்சம் குறைவு. வெயிலில் சாகிற வழக்கம் 1922இல் வந்த "நோஸ்ஃபெராட்டு" என்ற ஜெர்மன் ஊமைப்படம் கிளப்பிவிட்டது. அனுமதி வாங்காமல் எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லி உத்தரவே வாங்கினார். படமும் பிழைத்துக்கொண்டது, வெயில் சமாச்சாரமும் பிழைத்துக்கொண்டது.

காரைக்குடிக்காரர்களுக்குத்தான் புரியும் என்றீர்களே, அது எப்படி? சும்மா ஊர்ப் பெருமையா?
*வாசகர், கானாடுகாத்தான்*

பெருமையும் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை.

டிராகுலா யார் என்று பாருங்கள். பழைய பணக்காரக் குடும்பம். அளவுக்கு மீறிய பெரிய வீடு, பாதி அறை பூட்டிக் கிடக்கிறது, வேலைக்கு ஆள் கிடையாது, வந்த விருந்தாளிக்கு அவனே சாப்பாடு எடுத்து வைக்கிறான். கதை ஆரம்பிப்பதே சொத்து வாங்குகிற பத்திரத்தில்தான். லண்டனில் வீடு வாங்க, வக்கீல் ஆபீஸ் பையன் ஒருத்தன் காகிதத்தோடு அவன் கோட்டைக்குப் போகிறான். அப்புறம் கப்பல் ஏறுகிறான் டிராகுலா. ஏறும்போது ஐம்பது பெட்டி நிறையச் சொந்த ஊர் மண். அந்த மண்ணில் படுத்தால்தான் அவனுக்கு ஓய்வு. வியாபாரம் பண்ண, நம் பேச்சில் கொண்டுவிற்க, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறி, அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வீடு கட்டவும் இந்தப் பொட்டல் காட்டுக்கே திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த ஐம்பது பெட்டியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் அதை முதலில் படித்தது எங்கள் ஆயா வீட்டில். கல்லூரி விடுமுறை. முகப்பில் ஃபேன் கிடையாது என்பதால் வளவில், அதாவது உள்முற்றத்தில், ஆத்தங்குடிக் கல்லில் வெறும் முதுகைப் போட்டுப் படுத்துக்கொண்டு, கிராமபோன் கம்பெனிக் காலண்டரால் விசிறிக்கொண்டே படித்தேன். வாடகைக்கு எடுத்த புத்தகம், யாரோ ஓரத்தில் எண்ணெய்க் கறை வைத்திருந்தார்கள். சரியாக அந்தக் கண்ணாடிக் கட்டம் வருகிறது: விருந்தாளி சவரம் செய்துகொண்டிருக்கிறான், டிராகுலா பின்னால் வந்து நிற்கிறான், கண்ணாடியில் ஆளைக் காணோம். கரண்ட் போய்விட்டது. பட்டாலைப் பக்கமிருந்து வெள்ளையாக ஏதோ வருகிறது, கையில் ஒரு சின்ன வெளிச்சம். நான் போட்ட சத்தத்தில் ஆயா கையிலிருந்த சிம்னி விளக்கு விழுந்து உடைந்தது. "பேய் படிச்சியா, பரிச்சைக்குப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்கள். கண்ணாடிச் சில்லை அன்று ராத்திரியே நான்தான் பொறுக்கினேன்.

ஆனால் டிராகுலா நம் பக்கம் குடிவந்தால் ஒரு வாரம் தாங்க மாட்டான். சுவருக்குச் சுவர் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி, எங்கே திரும்பினாலும் மாட்டிக்கொள்வான். இரண்டாம் கட்டுக்குப் போனால் பூண்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை. அதையும் தாண்டிவிட்டான் என்றால், கடைசியாக நிலைவாசல். அவனால் ஒரு வீட்டுக்குள் தானாக நுழைய முடியாது, வீட்டு ஆள் யாராவது முதல் தடவை "வாங்க" என்று சொல்ல வேண்டும். ஸ்டோக்கர் நாவலிலேயே இருக்கிற விதி அது. அங்கேதான் நாம் தோற்போம். முகப்பில் நிற்கிறவனை "வாங்க, உள்ள வாங்க, சாப்டீங்களா" என்று கேட்காமல் நம் ஆச்சிகளுக்கு இருக்க முடியுமா?

கார்மில்லாவை உள்ளே விட்டதும் இரக்கம், நீலியை உள்ளே விட்டதும் இரக்கம். காட்டேரி கதைகளை நான் விடாமல் படிப்பதற்குக் காரணம் இந்த வாசல்படிதான். பல்லும் ரத்தமும் எனக்கு இரண்டாம்பட்சம். யார், எந்த நிமிஷத்தில், எதை நம்பிக் கதவைத் திறக்கிறார்கள் என்பதை எழுதத் தெரிந்தவர்கள் நாவலின் முதல் ஐம்பது பக்கத்துக்குள் என்னைப் பிடித்துவிடுவார்கள். இப்போது வருகிற பலவற்றில் ஹீரோ மூன்றாம் பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். அதை நான் மூடி வைத்துவிடுவேன்.

ஓநாய் மனிதர் நாவல்களில் எப்போது பார்த்தாலும் "ஆல்பா, ஆல்பா" என்று உறுமுகிறார்களே, நிஜ ஓநாய் அப்படியா?
*வாசகி, கோட்டையூர்*

இல்லை. 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வந்த எண்ணம் அது, சண்டை போட்டு ஜெயிக்கிறவன்தான் கூட்டத்துத் தலைவன், அதாவது ஆல்பா, என்று. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் சண்டைதான் போடும். டேவிட் மெக் என்கிற அமெரிக்க விஞ்ஞானி 1970இல் எழுதிய புத்தகத்தால் "ஆல்பா" பிரபலமானது. காட்டில் திரியும் ஓநாய்களைப் பல வருஷம் கவனித்த பிறகு அவரே, கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான் என்று 1999இல் எழுதினார். நாவல்காரர்கள் காதில் இன்னும் விழவில்லை.

ஆக நிஜ ஓநாய்க் கூட்டம் என்பது பங்காளி வீடு. வளர்ந்த பிள்ளை ஜோடி தேடி வெளியே போய்த் தனிக்குடித்தனம் வைக்கும். இந்த நாவல்களில் "எந்தக் கூட்டம், யார் பிள்ளை, இவனுக்கு அவளைக் கொடுக்கலாமா" என்று பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். வெளியூர் வாசகருக்குத் தலை சுற்றும். இளையாற்றங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா, எந்தக் கோயில் பங்காளி என்று கேட்டுவிட்டுத்தான் ஜாதகத்தையே கையில் வாங்குகிற நமக்கு அது சும்மா ஒரு பெண் பார்க்கிற படலம்.

வெள்ளியும் ஓநாய் மனிதனுக்கு ஆகாது. 1941இல் வந்த ஹாலிவுட் படத்தில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் அடிபட்டுச் சாகிறான். நம் கல்யாண வீட்டில் சீர் பரப்பி வைக்கிற அன்று தலைகாட்டினால் அவ்வளவுதான்.

பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டில் வௌவால் அடைந்திருக்கிறது. ரத்தம் குடிக்குமா?
*வாசகர், பள்ளத்தூர்*

குடிக்காது. ரத்தம் குடிக்கிற வௌவால் மூன்றே வகை, மூன்றும் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரைதான். உங்களுடையது பூச்சியோ பழமோ தின்கிற சாது. எச்சத்தைக் கூட்டும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் வருஷத்தில் நாலு நாளாவது வீட்டைத் திறந்து வையுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, தமிழில் எதற்கு என்கிறார் என் தமிழாசிரியர். என்ன சொல்லலாம்?
*வாசகர், காரைக்குடி*

கலிங்கத்துப்பரணியில் கூழ் அடுகிற பகுதியை வகுப்பில் நடத்தச் சொல்லுங்கள். போர்க்களத்தில் கிடக்கிற பிணங்களை வைத்துப் பேய்கள் கூழ் காய்ச்சி, பந்தி பரிமாறி, ஒன்றையொன்று கேலி செய்துகொண்டு சாப்பிடுகின்றன. சயங்கொண்டார் அதை எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறார்!

உருவம் மாறுவதற்கும் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், ஆவுடையார்கோயில்வரை போனால் போதும். மாணிக்கவாசகருக்காக நரிகள் குதிரையாகி மதுரைக்குப் போகின்றன. ராத்திரியானதும் லாயத்துக்குள்ளேயே மறுபடி நரியாகி, ஊளையிட்டு, அங்கே கட்டியிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. ராத்திரி, ஊளை, கடி, எல்லாமே இருக்கிறது, பௌர்ணமிதான் பாக்கி.

வெள்ளைக்காரனும் நம்மிடம் எடுத்திருக்கிறான். விக்கிரமாதித்தன் தோளில் தொங்குகிற வேதாளத்தின் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, தலைப்பிலேயே வேதாளத்தை "வேம்பயர்" ஆக்கிவிட்டார். டிராகுலா அப்போது பிறக்கவே இல்லை. இந்தப் பக்கம், ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரின் மர்மக் கதைகளை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் தழுவித் தழுவி எழுத, நம் கொள்ளுத் தாத்தாக்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். அதே ரெயினால்ட்ஸ்தான் 1846, 47இல் "வாக்னர்" என்ற ஓநாய் மனிதன் கதையைத் தொடராக எழுதியவர். பழைய துப்பறியும் நாவல்களைக் குப்பை என்று தூக்கிப்போடாமல் கோட்டையூரில் ஒருத்தர் சேர்த்து வைத்தாரே, ரோஜா முத்தையா, அவர் சேகரிப்பு சென்னைக்குப் போய் இன்று ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. உங்கள் ஆசிரியர் அங்கே ஒரு நாள் போய் வரலாம்.

ஒன்று மட்டும் அவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்வேன். வேம்பயரைத் தமிழில் "காட்டேரி" என்று எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் கூசுகிறது, மேலே இத்தனை தடவை எழுதியிருந்தாலும். காட்டேரியைப் படையல் போட்டுக் கும்பிடுகிற வீடுகள் தமிழ்நாட்டில் எவ்வளவோ உண்டு. ஒருத்தர் வீட்டுத் தெய்வத்தின் பேரைக் கோட்டுப் போட்ட கனவானுக்குக் கொடுத்துவிட்டோம். வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், இரண்டில் ஒன்றைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் யாரைக் கட்டுவது?
*வாசகி, கண்டனூர்*

ஓநாய் மனிதனை. மாதத்தில் ஒரு ராத்திரிதான் தொந்தரவு, மற்ற நாளில் ஆட்டுக்கறி உப்புக்கண்டம் போட்டுக் கொடுத்தால் சத்தமில்லாமல் சாப்பிடுவான். இன்னொருத்தனுக்கு நீங்கள் எதைச் சமைப்பீர்கள்?