சோர்வுக்கு அட்ரினல் மேல பழி போடாதீங்க

கேள்வி: தினமும் நைட்டு மூணு பெக் போட்டாத்தான் தூக்கம் வருது. காலைல எழுந்தா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, மதியம் வரைக்கும் எனர்ஜியே இல்ல. இது ‘அட்ரினல் சோர்வு’னு நெட்ல படிச்சேன். அதுக்குன்னு விக்கிற சப்ளிமெண்ட் வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். அட்ரினல்ங்கிறது சிறுநீரகத்து மேல உக்காந்திருக்கிற ஹார்மோன் சுரப்பி. அது சோர்ந்து போற அட்ரினல் சோர்வுன்னு ஒரு நோய் இருக்கறதா ஹார்மோன் டாக்டருங்க ஒத்துக்கறதில்ல, 2016ல அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் ஒண்ணா வச்சு அலசினவங்களும் ஆதாரம் இல்லைன்னுதான் முடிச்சாங்க. அந்த சப்ளிமெண்ட் இன்னும் மோசம். அமெரிக்கால கிடைக்கிற 12 அட்ரினல் மாத்திரைய லேப்ல டெஸ்ட் பண்ணி 2018ல ரிசல்ட் போட்டாங்க, அத்தனையிலயும் தைராய்டு ஹார்மோன் இருந்துச்சு, பாதிக்கு மேல ஸ்டீராய்டும் இருந்துச்சு, லேபிள்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. இதைப் போய் வாங்கி முழுங்குவீங்களா?

உங்க சோர்வு நிஜம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அது எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. பத்து மணிக்குக் குடிச்சா கண்ணு சொக்குது சரி, ஆனா ஒரு சின்ன பெக்கைக் கரைக்கவே லிவருக்கு சுமாரா ஒரு மணி நேரம் ஆகும், மூணும் இறங்குறப்ப ராத்திரி ஒண்ணு ரெண்டு மணி ஆயிருக்கும், அதுவரைக்கும் அமுங்கிக் கிடந்த மூளை அப்பத்தான் துள்ளி எழும், நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், ஒண்ணுக்கு வேற முட்டும், ஏன்னா சிறுநீரைக் கட்டுப்படுத்துற ஹார்மோனை ஆல்கஹால் அடக்கி வச்சிடுது. கனவு வர்ற தூக்கமும் குறைஞ்சுடும். சாப்பிடாம குடிச்சிருந்தா சர்க்கரையும் இறங்கும். இவ்வளவும் நடந்த உடம்பு காலைல எப்படிங்க தெம்பா எழும்?

இன்னொண்ணு, உங்க அட்ரினல் சோர்ந்து போய்க் கிடக்கல. அதிகமா குடிக்கக் குடிக்க அது சுரக்கிற கார்டிசால்ங்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறத்தான் செய்யுது. வருஷக்கணக்கா நிறைய குடிக்கிற சில பேருக்கு முகம் உருண்டையா ஊதி, தொப்பை போட்டு, கை கால் மட்டும் மெலிஞ்சு, கார்டிசால் அதிகமாகி வர்ற குஷிங் நோய் மாதிரியே ஆயிடும், குடிய நிறுத்தினா பெரும்பாலும் தானா சரியாயிடும். நீங்க படிச்சதுக்கு நேர் எதிர் இது.

அட்ரினல் நிஜமாவே படுத்துக்கிறதும் உண்டு, அதுக்குப் பேரு அடிசன் நோய், 1855லயே எழுதி வச்சிருக்காங்க. எடை குறையும், தோல் கறுக்கும், எழுந்து நின்னா தலை சுத்தும், உப்பு மேல ஆசை வரும். இதுல ஏதாவது இருந்தாலோ, ரொம்ப நாள் ஸ்டீராய்டு மாத்திரை போட்டு நிறுத்தியிருந்தாலோ காலைல எடுக்கிற கார்டிசால் ரத்த டெஸ்டுக்கு டாக்டர்கிட்ட கேளுங்க, ஹீமோகுளோபின், தைராய்டு, லிவர் டெஸ்டும் சேர்த்துப் பண்ணிக்கோங்க.

எத்தனை பெக்னு அவர்கிட்ட குறைக்காம சொல்லுங்க. தினசரி குடிச்சுப் பழகின உடம்பு, டக்குனு நிறுத்தினா கை நடுக்கம், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும், அதனால அவர் சொல்ற மாதிரி நிறுத்துங்க. முதல் சில நாள் தூக்கம் சரியா வராது, அதுக்குப் பயந்து மறுபடி பாட்டிலைத் தொடாதீங்க.