வரவு எந்தப் பக்கம்?

வணக்கம் சேர்,

எனக்கு ஹட்டன் பக்கம். சில வருடம் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பித்தேன். இப்போது பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி தமிழில் ஒரு கணக்கீட்டு நூல் எழுத ஆசை. பாடநூல் எழுதிப் பேராசிரியராக முடியாது என்கிறார்கள் மூத்தவர்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்களை ஆதாரமாக வைக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

வாசகர், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

மூத்தவர்கள் சொல்வது பாதி சரி. பதவி உறுதியாகப் பட்டமேற்படிப்பு வேண்டும்; அதற்கு மேலே ஏறுவதற்கு ஆய்வுக் கட்டுரைகள்தான் எடை. அதனால் முதலில் கலாநிதிப் பட்டத்தை முடியுங்கள். பிலிப் கொட்லர் பொருளியலில் கலாநிதிப் பட்டம் எடுத்தது 1956இல். உலகம் முழுக்கப் படித்த அவருடைய சந்தைப்படுத்தல் பாடநூல் வந்தது 1967இல். இடையில் பதினொரு வருடம். நீங்களும் இப்போதைக்கு நூலை எழுதாமல் அதற்குச் சேர்த்து வையுங்கள். வகுப்புக்கு ஒரு கொப்பி போதும். எந்தக் கேள்விக்கு எந்தப் பிழையான விடை வந்தது, எத்தனை பேர் அதையே எழுதினார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். சரியான விடை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பிழையான விடைதான் உங்கள் கையில் மட்டும் இருக்கும் சரக்கு.

தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே கணக்குகள் எழுதும் ஏடான பேரேட்டின் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. இங்கே இலங்கையில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒரே ‘வரவு’ என்ற சொல் கடலைத் தாண்டியதும் பக்கம் மாறிவிடுகிறது. ஒரு பயிற்சியை அப்படியே எடுத்துப் போட்டீர்களோ, பிள்ளை பரீட்சையில் எல்லாப் பதிவையும் தலைகீழாக எழுதும். பெயர்களும் வேறு: பேரேட்டு மீதிகளை ஒத்துப்பார்க்கும் பட்டியல் அங்கே இருப்பாய்வு, இங்கே பரீட்சை மீதி; சொத்தின் பெறுமதி பாவனையில் குறைவது அங்கே தேய்மானம், இங்கே பெறுமானத் தேய்வு. பரீட்சைத் தாளில் வரும் சொல்லை எளிமை என்ற பெயரில் மாற்றாதீர்கள். விளக்கம் எவ்வளவு பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவை விளக்கி லூக்கா பச்சியோலி 1494இல் வெனிஸில் அச்சிட்டதே இலத்தீனில் இல்லை, ஊரார் பேசிய இத்தாலியத்தில்.

நம் சொற்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘செலவை வரவு வைக்க வேண்டும்’ என்று சொன்னால் எந்தப் பிள்ளைதான் குழம்பாது? பேரேட்டின் பக்கத்துக்கு ‘செலவு’, காசு போன காரியத்துக்குச் ‘செலவினம்’ என்று முதல் அத்தியாயத்திலேயே பிரித்து, கடைசிப் பக்கம் வரை அதைக் காப்பாற்றுங்கள்.

உதாரணத்துக்கு எங்கும் போக வேண்டாம். வீட்டில் சம்பளத் துண்டு இருக்கிறது. ஊழியரின் ஓய்வுக்காலத்துக்குச் சேரும் சேமலாப நிதியைக் கணக்கிடும் சம்பளம் 30,000 ரூபா என்று வைப்போம். மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. ஊழியரிடம் 8 வீதம், 2,400 கழிகிறது, கையில் 27,600. தொழில்தருநர் தன் பங்காக சேமலாப நிதிக்கு 12 வீதம், 3,600. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 900. வரவுப் பக்கத்தில் சம்பளம் 30,000, சேமலாப நிதிச் செலவினம் 3,600, நம்பிக்கை நிதிச் செலவினம் 900. மொத்தம் 34,500. செலவுப் பக்கத்தில் காசு 27,600, செலுத்த வேண்டிய சேமலாப நிதி 6,000 (2,400உம் 3,600உம்), நம்பிக்கை நிதி 900. அதுவும் 34,500.

வழக்கமாக வரும் பிழை 36,900. துண்டில் 2,400 தனி வரியாகக் கிடப்பதால் பிள்ளை அதையும் செலவினமாகக் கூட்டிவிடுகிறது. அது 30,000க்குள்ளேயே இருக்கும் காசு. தொழிலாளியின் பையிலிருந்து போவது. இதை ‘கவனிக்க’ என்று பெட்டி கட்டிப் போடாதீர்கள், பெட்டியை ஒருவரும் வாசிப்பதில்லை. 36,900 வரும் பிழையான பதிவையே அச்சிட்டு, எந்த வரி தவறு என்று கேளுங்கள். பிறகு இதே 6,000 ரூபாவை விடாமல் கொண்டுபோங்கள்: மாத முடிவில் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில் நடைமுறைப் பொறுப்பு (விரைவில் கட்ட வேண்டிய கடன்), அடுத்த மாதம் முடியுமுன் கட்டும்போது பொறுப்பு வரவு, வங்கி செலவு. அத்தியாயத்துக்கு அத்தியாயம் புதுக் கம்பனி, புது எண் என்று போனால் பிள்ளை பாதி நேரம் கதையைத்தான் படிக்கும்.

ஓர் அத்தியாயம் முடிந்ததும் ஐந்து பேரிடம் கொடுங்கள்; கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று போதும், மற்ற நாலும் நடுத்தரம். பக்கத்தில் நின்று விளக்காதீர்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டிவந்த இடமெல்லாம் திருப்பி எழுத வேண்டிய இடம்.

அச்சுக்குப் போகும்போது பக்கங்களை 16இன் மடங்கில் நிறுத்துங்கள்; சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு பாரம். 160 என்றால் பத்துப் பாரம். 161 ஆனால் பதினோராவது பாரத்துக்கும் காசு. அது பிள்ளையின் தலையில்தான் விழும். விடைகளுக்கென்று ஒரு பாரத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.