ஜாவாவில் எச்டிஎம்எல்லைப் பிடிஎஃப் ஆக்க எந்த லைப்ரரி நல்லது? தமிழ் ஒழுங்காக வருமா?

ஆங்கில பில் மட்டும் போதும் என்றால் ஃப்ளையிங் சாசர். அதில் தமிழும் வர வேண்டும் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு பில் போடும் மென்பொருள் எழுதப் போய் நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

முதலாளி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி, அடியில் மொத்தம். கடைப் பெயரும் முகவரியும் சரக்கின் பெயரும் தமிழில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃப்ளையிங் சாசரில் வேலை சுலபம். முழுக்க ஜாவா, தனியாக எதையும் நிறுவ வேண்டாம், நாலு வரியில் பிடிஎஃப் கையில் வந்துவிடும். ஆனால் மூடாத ஒரு டேக் இருந்தாலும் முரண்டு பிடிக்கும். அதனால் முதலில் எச்டிஎம்எல்லைச் சீர்செய்யும் ஜேசூப் லைப்ரரி வழியாக விட்டு எக்ஸ்எம்எல் வடிவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தெரிந்தது சிஎஸ்எஸ் 2.1தான். ஃப்ளெக்ஸ்பாக்ஸ் கிடையாது, ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது. பழைய காலத்து டேபிள் போட்டு வடிவமைத்தால் சமர்த்தாக நடந்துகொள்ளும்.

தமிழ் எழுத்துருவைச் சேர்த்து முதல் பில்லை அச்செடுத்தேன். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏன் தம்பி, நம்ம ஊரு எப்ப சலேம் ஆச்சு?"

யூனிகோடில் ச முதலில், இரட்டைக்கொம்பு அடுத்து என்றுதான் எழுத்துகள் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுவது எழுத்தை வடிவமைக்கும் மென்பொருளின் வேலை. ஃப்ளையிங் சாசர் அதைச் செய்வதில்லை. வந்த வரிசையிலேயே கொட்டிவிடும். கொம்பு ச-வைத் தாண்டி ல-வோடு ஒட்டிக்கொண்டது. கொலுசு, வெள்ளிக்கும் இதே கதி, கூலியும் உடைந்துபோனது. கொம்பை நானே முன்னால் மாற்றிப் போட்டும் பார்த்தேன். சேலம் சரியானது. ஆனால் லு, சு, கூ போன்றவை எழுத்துருவுக்குள் இருக்கும் கூட்டு வடிவங்கள். அவற்றை இடம் மாற்றிச் சரிசெய்ய வழியில்லை. போதாக்குறைக்கு அந்த பிடிஎஃப்பில் தேடினாலும் வார்த்தை கிடைக்காது.

பிடிஎஃப் ஆக்கும் இன்னொரு லைப்ரரி ஐடெக்ஸ்ட். அதன் கேலிகிராஃப் என்ற கூடுதல் பகுதி தமிழைச் சரியாக வடிவமைக்கும். அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஐடெக்ஸ்ட்டே 5ஆம் பதிப்பிலிருந்து ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதன்படி நம் மூல நிரலையும் வெளியிட வேண்டும். அதில் விருப்பமில்லை என்றால் அதற்கும் வணிக உரிமம் வாங்கவேண்டும். பத்துப் பேர் உட்கார்ந்து வேலை செய்யும் பட்டறைக்கு இதெல்லாம் எதற்கு?

கடைசியில், பிரவுசரை நிரல் மூலம் இயக்கும் பிளேரைட்டின் ஜாவா பதிப்புக்கு மாறினேன். உள்ளே ஓடுவது குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசர். அதிலிருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைக்கும் மென்பொருள் தமிழைத் திரையில் காட்டுகிற மாதிரியே பிடிஎஃப்பிலும் எழுதுகிறது. நினைவகத்தை நன்றாகத் தின்னும், மறுக்கவில்லை. பில்லுக்கு ஒரு பிரவுசர் திறக்காமல், ஒன்றையே திறந்துவைத்து ஒவ்வொரு பில்லுக்கும் புதுப் பக்கம் போடுங்கள். பல திரெட்டுகளில் ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் தனி பிளேரைட் வேண்டும், பொதுவில் ஒன்றை வைத்தால் குழம்பும்.

அப்புறம், சர்வரில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் லேப்டாப்பில் ஜோராக வந்த பில், சர்வரில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவிய பிறகுதான் முதலாளி பணத்தைக் கண்ணில் காட்டினார்.