கையொப்பம் அசல், இடம் அசலா?

வணக்கம் சார்,

வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பக்கத்து வண்டி தான் இருக்கும் இடத்தையே பொய்யாகச் சொன்னால் என்ன ஆகும் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. "எல்லாச் செய்திக்கும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, போலி உள்ளே வரவே முடியாது" என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். வங்கிச் செயலியை நம்பிப் பணம் அனுப்புகிறோம், இதை நம்பக் கூடாதா? ஜிபிஎஸ்ஸையே ஏமாற்றலாம் என்கிறார்களே, அது நிஜமா, சும்மா பூச்சாண்டியா?

அன்புடன்,
செந்தில்

அன்புள்ள செந்தில்,

நிஜம்தான். உங்கள் நண்பர் சொல்வதும் பாதி சரி. இந்த வண்டிகள் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்குப் பத்து முறை வரை தங்கள் இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் சுற்றியுள்ள வண்டிகளுக்கு அறிவிக்கின்றன, ஒவ்வொரு அறிவிப்பும் கையொப்பத்தோடுதான் போகிறது. அதனால் கையொப்பமிட அனுமதி தரும் டிஜிட்டல் சான்றிதழ் இல்லாத வெளியாள் ஒருவர் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இல்லாத வண்டியை உருவாக்கிவிட முடியாது. சரி, ஆனால் அனுப்பியது சான்றிதழ் உள்ள கருவி, வழியில் யாரும் திருத்தவில்லை, இந்த இரண்டுக்கு மேல் அந்தக் கையொப்பம் எதற்கும் பொறுப்பேற்காது. நீங்கள் கேட்ட வங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள்: கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வங்கிக்கே தெரியும், நீங்கள் சொல்வதை அது நம்ப வேண்டியதில்லை. ஒரு வண்டி எங்கே நிற்கிறது என்பதற்கு அப்படி யாரிடமும் கணக்குப் புத்தகம் கிடையாது, அது சொல்வதுதான் கணக்கு.

அந்த வண்டி மனமறிந்து பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, அதுவே ஏமாந்திருக்கலாம். ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது, வந்து சேரும்போது ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடவும் மெலிந்திருக்கும். பொதுமக்களுக்கான அதன் வடிவம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடப்பட்டது, அதற்குப் பூட்டும் கிடையாது. ஜாமர் (சிக்னலை இரைச்சலால் அமுக்கும் கருவி) போட்டால் சிக்னல் அறுந்துபோகும், அறுந்தது ரிசீவருக்குத் தெரிந்துவிடும். போலி சிக்னல் அனுப்பினால் அதுவும் தெரியாது. 2013-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்து ஆராய்ச்சிக் குழு மத்தியதரைக் கடலில் ஒரு பெரிய சொகுசுப் படகில், உரிமையாளரின் சம்மதத்தோடு இதைச் செய்து காட்டியது. அசல் சிக்னலோடு அப்படியே ஒத்துப்போகும் போலியை முதலில் மெல்லிய சக்தியில் அனுப்பினார்கள், மெதுவாகக் கூட்டினார்கள், ரிசீவர் அதைப் பிடித்துக்கொண்டதும் இடத்தை நைசாக நகர்த்தினார்கள். எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. படகு வழி விலகியதாகத் திரையில் பார்த்த மாலுமிகள் அதைத் திருத்தினார்கள், அந்தத் திருத்தம்தான் படகை நிஜமாகவே வழிவிலக்கியது. திரையில் என்னவோ நேர்கோடு.

சாலையில் கண்ணால் பார்த்து ஓட்டுபவரிடம் இது பலிக்காது என்று நினைக்கலாம். ஆனால் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 223 டாலர் செலவில் கருவி செய்தார்கள். உண்மையான சாலையின் வடிவத்துக்கு ஒத்த வேறொரு சாலையைத் தேடி எடுத்து அதன்படி போலி இடத்தைக் கொடுத்தார்கள். சிமுலேட்டரில் ஓட்டிய 40 பேரில் 38 பேர் போலி வழியிலேயே போனார்கள்.

அப்புறம், வண்டிக்காரரே பொய் சொல்ல விரும்பும் சாத்தியத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஜிபிஎஸ் வழியாகத் தன்னைக் கண்காணிக்கும் முதலாளியிடமிருந்து தப்ப ஜாமர் மாட்டிய ஒரு டிரக் ஓட்டுநர் அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தின் தரையிறங்கும் வழிகாட்டிக் கருவியையே குழப்பி, 2013-இல் அபராதம் விதிக்கப்பட்ட கதை உண்டு. பெர்லினில் ஒரு கலைஞர் 99 செல்பேசிகளை ஒரு சின்ன தள்ளுவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு காலியான தெருவில் நடந்தார், கூகுள் வரைபடம் அந்தத் தெருவைச் சிவப்பாகக் காட்டியது. 99 கருவிகளும் அசல், சொன்ன இடமும் அசல்! 99 வண்டிகள் என்ற முடிவு மட்டும் பொய். இந்த ஆபத்து வண்டிகளிலும் உண்டு. ஒருவரைப் பின்தொடர முடியாதபடி ஒரே வண்டிக்கு மாற்றுப் பெயர்ச் சான்றிதழ்கள் பல தருகிறார்கள். அமெரிக்க வடிவமைப்பில் வாரத்துக்கு இருபது. ஓட்டுபவரின் அந்தரங்கத்தைக் காக்கும் அதே ஏற்பாட்டை ஒரே வண்டி இருபது வண்டிபோல் நடிக்கவும் பயன்படுத்தலாம். மாட்டினால் இருபதும் ஒருவருடையதே என்று கண்டுபிடித்து ரத்து செய்ய வழி இருக்கிறது, ஆனால் ஒரே அமைப்பு தனியாக அதைச் செய்ய முடியாதபடி வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது, கொஞ்சம் தாமதமானாலும்.

காப்பது எப்படி? முதலில் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பத்தில் ஒரு நொடியில் ஒன்றே முக்கால் மீட்டருக்குள்தான் நகரும்; அடுத்த அறிவிப்பில் பதினைந்து மீட்டர் தாவியிருந்தால் அதைத் தள்ளிவிடலாம். ஜிபிஎஸ் வலது பக்கம் திரும்பியதாகச் சொல்லும்போது திரும்புவதை அளக்கும் நம் வண்டியின் கைரோஸ்கோப்பும் சக்கர வேக சென்சாரும் நேராகப் போவதாகச் சொன்னால் சக்கரத்தை நம்ப வேண்டும். இதெல்லாம் அவசரக்காரப் பொய்யைப் பிடிக்கும். படகில் செய்ததுபோல் பொறுமையாக இழுப்பவரைப் பிடிப்பது கஷ்டம். தானோட்டிக் கார்களில் பல சென்சார்களைக் கலந்து இடம் கணிக்கும் முறையையே, மற்ற சென்சார்கள் தடுமாறும் நேரம் பார்த்து ஜிபிஎஸ் வழியாக இழுத்துவிடலாம் என்று 2020-இல் காட்டியிருக்கிறார்கள். செயற்கைக்கோள்கள் வானம் முழுக்கப் பரவியிருக்கும், போலி பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வரும், இரண்டு மூன்று ஆண்டெனா வைத்தால் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும், செலவுதான் கூடும். ஜிபிஎஸ் போன்ற ஐரோப்பாவின் செயற்கைக்கோள் அமைப்பான கலிலியோ தன் சிக்னலிலேயே நம்பகச் சான்று சேர்த்து அனுப்புகிறது, ஆனால் அதைச் சரிபார்க்கத் தெரிந்த ரிசீவர் வேண்டும், அசல் சிக்னலையே பிடித்துத் தாமதமாகத் திருப்பி அனுப்புபவரை அதுவும் முழுசாகத் தடுக்காது.

இதில் நான் பெரிதாக நினைப்பது வேறு: சந்தேகம் வந்ததும் வண்டி என்ன செய்கிறது? சந்தேகம் வந்த உடனே பிரேக்கை அழுத்தும் வண்டியைச் செய்தால் தாக்குபவருக்குப் பாதி வேலை மிச்சம், ஏனென்றால் அவர் நம்ப வைக்கவே வேண்டாம், சந்தேகப்பட வைத்தாலே போதும். வெறும் அறிவிப்பில் மட்டும் இருக்கிற வண்டிக்கு ஓட்டுபவரை எச்சரிக்கலாம். பிரேக் பிடிப்பதை ரேடாரோ கேமராவோ அதைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பு சொல்லும் இடத்தை ரேடார் தெளிவாகப் பார்த்து அங்கே எதுவும் இல்லை என்றால், அந்தச் சான்றிதழைப் பற்றிப் புகார் அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வளைவுக்கு அப்பால், லாரிக்குப் பின்னால் என்று ரேடார் எட்டாத இடங்களுக்காகத்தான் இந்த அறிவிப்புகளே வந்தன என்பதால் அங்கே மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பது நியாயம், அதுவும் மெதுவாக.